விட்டுக்கொடுத்த குரல்

அத்தியாயம் பதினொன்று

மூன்றாம் இடம்! வெள்ளிக்கிழமை வந்த பட்டியலில் ‘கெட்ஸி லைட்ஸ்’ குழுவின் பாட்டு மூன்றாவதாக நின்றதையும், சிகாகோவின் மேற்குப் பக்கத்தில் பாதித் தெரு டாலிவர் வீட்டு மாடிப்படியில் வந்து நின்றதையும் போன வாரம் பார்த்தோம். பிவ்கோ என்ற சின்ன இசைத்தட்டுக் கம்பெனியில் ஆறு வருஷம் தொண்டை கிழியப் பாடியும் ஊர் எல்லை தாண்டாத, டாலிவர் பிள்ளைகளின் குழு அது. ஏப்ரலில் கிரெஸ்ட்மூர் கம்பெனிக்கு மாறியது. ஏழே மாதத்தில் நாடு முழுக்க ரேடியோவில் கேட்கிறது.

அக்கம்பக்கத்தார் கொண்டாடிவிட்டுப் போய்விட்டார்கள். கொண்டாட முடியாத ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். மூத்தவள் வெர்லீன். குழுவைக் கட்டி மேய்த்தவள் அவள்; கம்பெனி மாறும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். அந்தக் கையெழுத்தோடு அம்மாவிடம் ஒரு பொய்யும் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. வெர்லீன் சமையலறையில் அம்மாவின் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் இரும்புச் சீப்பு காய்ந்தது. கழுவி உலர்த்திய முடியை வகிடு வகிடாகப் பிரித்து, எண்ணெய் தொட்டு, காய்ந்த சீப்பால் வேரிலிருந்து நுனிவரை நீவி நேராக்க வேண்டும். கை ஒரு நூல் பிசகினால் காது பொசுங்கிவிடும்.

“காதைப் பார்த்துடி. போன ஈஸ்டருக்குப் பொசுக்கினவதான நீ?”

“நீ தலையை ஆட்டாம இரும்மா. நான் எதுக்குப் பொசுக்கப் போறேன்?”

ஆர்டெல்லா அம்மாவுக்கு அறுபத்தோரு வயது. சர்ச்சில் வெள்ளை உடுப்போடு முதல் வரிசையில் உட்காருகிற மூத்த பெண்களில் ஒருத்தி. பிள்ளைகள் காதல் பாட்டு பாடக் கிளம்பிய நாள் முதல் ஒரு தடவைகூட அரங்கத்துக்கு வந்ததில்லை. அப்படிப்பட்டவள், இன்று பகல் மூன்று மணிக் காட்சிக்கு வருகிறேன் என்று தானாகவே வாயைத் திறந்து சொல்லியிருந்தாள். அதை நம்பமுடியாமல் கடைக்குட்டி நடீன் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

“தொப்பி எது போடறது? ஊதாவா, வெள்ளையா?”

“தியேட்டருக்குத் தொப்பி வேணாம்மா. மறைக்குதுன்னு பின்னாடி உக்கார்றவங்க கத்துவாங்க.”

“கத்தட்டுமே. டிக்கெட் வாங்கினவங்க அவங்க. பெத்தவ நானு.”

வெர்லீனுக்குச் சிரிப்பு வந்தது. ரேடியோவில் ஜுபிலி கெய்ன்ஸ் வழக்கம்போல மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான். மேற்குப் பக்கத்தில் அவன் குரலைக் கேட்காமல் எந்த வீட்டிலும் சனிக்கிழமைத் துணி துவைப்பது நடக்காது.

“அடுத்தது நம்ம கெட்ஸி லைட்ஸ்! இருங்க, இருங்க, நீங்க நினைக்கிற பாட்டு இல்ல. இது யாரும் கேக்காதது. பிவ்கோ ஆளுங்க இன்னிக்குக் காலையில சூடா கொண்டுவந்து குடுத்தாங்க. பேரு ‘மழை விட்டதும் வர்றேன்’.”

ஆர்கன் இரண்டு தடவை முனகியது. பிறகு டெவிட் பாடினான்.

தம்பி டெவிட் இறந்து இரண்டு வருஷமாகிவிட்டது.

வெர்லீனின் கை முடியிலேயே நின்றுவிட்டது. மெல்லிய புகை எழுந்தது.

“சீப்பை எடுடி. முடி கருகுது,” என்றாள் அம்மா. குரலில் ஒன்றுமே இல்லை.

சீப்பை அடுப்பின் ஓரத்தில் வைத்துவிட்டு வெர்லீன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முழுசாக மூன்று நிமிஷம் ஓடியது. நடுவில் ஓரிடத்தில் டெவிட் மூச்சை இழுத்து, ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, அடுத்த வார்த்தையில் சேர்ந்துகொண்டான். அம்மா கண்ணை மூடியிருந்தாளா திறந்திருந்தாளா என்று பின்னால் நின்றவளுக்குத் தெரியவில்லை.

பாட்டு முடிந்து சோப்பு விளம்பரம் வந்தது. அம்மா எழுந்து ரேடியோவை அணைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

“சளி பிடிச்சிருக்கு அவனுக்கு.”

“ம்.”

“என்னைக்குப் பாடினது இது?”

“அறுபத்தொம்பது ஏப்ரல்லம்மா. வசந்தத்துல.”

“ஏப்ரல்லயா?”

“ஆமா.”

“சரி.” தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “டேப்பெல்லாம் அழிச்சுட்டாங்கன்னு சொன்னியே?”

“நானும் அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன்.”

“சரி. மிச்சத்தை முடி. நேரமாகுது.”

அம்மா இரண்டு தடவை சரி சொன்னால் அதில் ஒன்றுகூட சரி இல்லை என்பது டாலிவர் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். வெர்லீன் மிச்ச முடியை நீவி முடித்தாள். காது தப்பியது.

நடந்தது இதுதான். டெவிட்டுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் நோய். குளிர் பட்டால், காய்ச்சல் வந்தால், எலும்பு எலும்பாக வலி பிடுங்கும். அறுபத்தொன்பது அக்டோபரில் சளி பிடித்தது. வீட்டைவிட்டு நகரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். ஒலிப்பதிவுக் கூடம் அன்று விட்டால் மூன்று வாரம் கிடைக்காது. டெவிட்டே கெஞ்சினான். வெர்லீன் தயங்கினாள், பிறகு தன் கோட்டையும் அவனுக்குப் போர்த்திக் கூட்டிக்கொண்டு போனாள். காலையில் ரேடியோவில் வந்த அந்தப் பாட்டை ஒரே தடவையில் பாடினான். முடித்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அது வியாழக்கிழமை. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் போய்விட்டான். வீட்டில் இருக்கும்போதே வலி வந்தது என்றுதான் அம்மாவிடம் சொன்னார்கள். வெர்லீன், இன்னொரு தம்பி ராஸ்கோ, நடீன் மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

கம்பெனி மாறும்போது இன்னொரு சிக்கல் வந்தது. ‘கெட்ஸி லைட்ஸ்’ என்ற பெயர் பிவ்கோ முதலாளி பிவென்ஸின் பேரில் பதிவாகியிருந்தது. பெயர் இல்லாமல் போனால் கிரெஸ்ட்மூர் சீந்தாது. “பேரை எடுத்துக்கோ, டேப்பை விட்டுட்டுப் போ,” என்றார் பிவென்ஸ். அந்த டேப்பில் இருந்தது, டெவிட் முன்னால் நின்று பாடி, இசைத்தட்டாக வெளிவராத பதினொரு பாட்டு. வெர்லீன் கையெழுத்துப் போட்டாள். “அந்த வியாழக்கிழமைப் பாட்டை மட்டும் வெளிய விடாதீங்க,” என்று கேட்டாள். பிவென்ஸ் அவள் கையைக் குலுக்கி வாக்குக் கொடுத்தார். அவர்கள் சர்ச்சுப் பாட்டுக்குழுவிலேயே வளர்ந்தவர் சொன்ன வாக்கு. அதைக் காகிதத்தில் எழுதிக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

டெவிட் பாட்டெல்லாம் எங்கே என்று அம்மா கேட்டபோது, டேப் விலை அதிகம், சின்னக் கம்பெனிகள் அழித்து அழித்து மேலே பதிவார்கள், எல்லாம் போச்சு என்று சொல்லிவிட்டாள். உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த வியாழக்கிழமைக்கு இருந்த ஒரே சாட்சி பிவென்ஸின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

பதினோரு மணிக்கு அம்மா துணி மாற்றப் போனதும் வெர்லீன் பிவென்ஸுக்குப் போன் செய்தாள்.

“வாக்குக் குடுத்தீங்களே சார்.”

“குடுத்தேன் பொண்ணே. ஏழு மாசம் காப்பாத்தினேன். நீங்க மூணாவது இடத்துக்கு வந்துட்டீங்க. ‘கெட்ஸி லைட்ஸோட பாட்டு வேற என்ன இருக்கு’ன்னு கடைக்காரன் ஒவ்வொருத்தனும் என்னைக் கேக்கறான். வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்லச் சொல்றியா?”

“அந்த ஒண்ணை விட்டுட்டு வேற போட்டிருக்கலாமே?”

“அதுதான் உசத்தி. உனக்கே தெரியும்.” மூச்சு வாங்கினார். “நாலு வருஷம் நான் அந்தப் பையனைக் கேட்டேன், வேற யாரும் கேக்கல. அவனைப் பெட்டியில வெச்சுப் பூட்டுன்னு சொன்னது நீ. யோசிச்சுப் பாரு, எது பெரிய பாவம்னு.”

வெர்லீன் போனை வைத்தாள்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் ராஸ்கோ படியேறி வந்தான். வெற்றிப் பாட்டில் முன்னால் நின்று பாடியவன் அவன்தான். புதுக் கோட்டு, பளபளக்கும் காலணி, முகம் மட்டும் வெளுத்திருந்தது.

“கேட்டியாக்கா?”

“மெதுவாப் பேசு. அம்மா உள்ள இருக்கா.”

“கிரெஸ்ட்மூர்லேர்ந்து வின்டர்ஸ் கூப்பிட்டாரு. ஒரே பேர்ல ரெண்டு பாட்டு ஓடினா ரேடியோக்காரன் ஒண்ணைத்தான் போடுவானாம். காலையிலேர்ந்து ஜுபிலி நாலு தடவை அதைப் போட்டுட்டான். நம்மதை ஒரு தடவை.” அவன் குரல் இறங்கியது. “சின்ன வயசுலேர்ந்து பதினோரு வருஷம் பின்னாடி நின்னு ‘ஊ, ஆ’ பாடினேன். இப்பத்தான் முன்னாடி வந்தேன். செத்தவனோட எப்படிக்கா போட்டி போடறது?”

அவனைத் திட்ட வெர்லீனுக்கு மனசு வரவில்லை. அவன் சொன்னதில் பொறாமையைவிட வேதனைதான் அதிகம்.

“என்ன பண்ணச் சொல்றாரு வின்டர்ஸ்?”

“ஒரு மணிக்கு ஜுபிலிகிட்ட பேட்டி இருக்குல்ல, அங்க நீ சொல்லணும். அது வெறும் ஒத்திகை, டெவிட்டே வெளியிட வேணாம்னு சொன்னதுன்னு. அவ்வளவுதான். நாளைக்கு எல்லா ஸ்டேஷனும் நிறுத்திடும்.”

“நான் ஏன்? நீ சொல்லேன்.”

“நான் சொன்னா ராஸ்கோ பொறாமையில பேசறான்னுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க. நீ பொய் சொல்லமாட்டேன்னு ஊருக்கே தெரியும்.”

அதைக் கேட்டு வெர்லீன் சிரித்தாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது, அந்தச் சிரிப்பு.

அம்மா ஊதாத் தொப்பியோடு அறையிலிருந்து வந்தாள். “ஸ்டேஷனுக்குப் போறீங்களா? போங்க. நான் ரேடியோவுல கேக்கறேன். ரெண்டு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க.”

“ஏதாவது சாப்பிட்டியாம்மா?” என்றான் ராஸ்கோ.

“சாப்பிட்டா இறங்கணுமே,” என்றாள் அம்மா.

ஸ்டேஷன் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே இருந்தது. கண்ணாடி அறைக்குள் ஜுபிலி கெய்ன்ஸ் இருவரையும் கட்டிப்பிடித்து உட்கார வைத்தான். ரேடியோவில் பேசுகிற அளவுக்கு நேரில் பெரிய ஆள் இல்லை; ஒல்லி, வழுக்கை.

“ஊரே போன் பண்ணுது,” என்று மைக்கில் ஆரம்பித்தான். “மூணாவது இடத்துல நிக்கிற பாட்டைப் பத்திக் கேப்பாங்கன்னு பார்த்தா, காலையில போட்டதைக் கேக்கறாங்க. யாரு அந்தப் பையன்னு அழறாங்க. முதல்ல அதை இன்னொரு தடவை கேப்போம், அப்புறம் இவங்க வாயாலயே கேப்போம்.”

வெர்லீன் காதில் மாட்டிய கருவியில் டெவிட் பாடினான். சமையலறை ரேடியோவில் கேட்காதது எல்லாம் இதில் கேட்டது. உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம். பின்னால் தன் குரல், நடீன் குரல், ராஸ்கோவின் குரல். மூன்று பேரும் அவனை ஏந்திக்கொண்டு பாடியிருந்தார்கள். அந்த விட்டுப்போன வார்த்தை வந்த இடத்தில், அன்று அவன் முழங்கால் மடிந்ததும், வெர்லீன் ஒரு கையால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டதும் அவளுக்குக் கண்முன் நின்றது. பிடித்துக்கொண்டே பாடினாளே தவிர, நிறுத்து என்று அவள் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது அதுதான்.

பாட்டு முடிந்தது. ராஸ்கோ மேஜைக்கடியில் அவள் கையை அழுத்தினான்.

“சொல்லுங்க வெர்லீன்,” என்றான் ஜுபிலி. “இது என்ன பாட்டு? ஒத்திகைன்னு ஒரு பேச்சு அடிபடுதே?”

ஆமாம் என்றால் போதும். குழு பிழைக்கும், ராஸ்கோ பிழைப்பான். அம்மாவும் ஏப்ரல் என்றே நம்பிக்கொள்வாள்.

“ஒத்திகை இல்ல,” என்றாள் வெர்லீன். “அவன் பாடினதுலயே அதுதான் உசத்தி.”

ராஸ்கோவின் கை விலகியது.

“எப்போ பாடினது?”

“அறுபத்தொம்பது, அக்டோபர் ஒம்பதாம் தேதி. வியாழக்கிழமை. அவனுக்கு உடம்பு முடியல. படுத்திருக்கணும். வீட்டைவிட்டு நகரக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டுப் போயிருந்தாங்க. நான்தான் கூட்டிட்டுப் போனேன். நான் மட்டும்தான். ரெண்டு நாள் கழிச்சு அவன் போயிட்டான். எங்கம்மாகிட்ட இதை நான் சொன்னதே இல்ல.” மைக்கைக் கிட்டே இழுத்தாள். “இப்பக் கேட்டுட்டிருப்பாங்க.”

ஜுபிலி கெய்ன்ஸ் மூன்று விநாடி பேசாமல் இருந்தான். அந்த ஸ்டேஷனில் அதுவரை அப்படி நடந்ததில்லை. பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல், ஊசியை எடுத்து அதே பாட்டின் மேலேயே வைத்தான். கண்ணாடிக்கு வெளியே டெலிபோன் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

ராஸ்கோ காரை வீட்டுப் பக்கம் திருப்பினான். “அன்னிக்குக் கார் ஓட்டினது நான்,” என்றான்.

“தெரியும்.”

“அப்புறம் ஏன் ‘நான் மட்டும்’னு சொன்னே?”

“மூத்தவ நான்.”

“நம்ம பாட்டு போச்சுக்கா.”

“தெரியும்டா,” என்றாள் வெர்லீன். அவனுக்குச் செய்த அநியாயம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. மன்னிப்புக் கேட்க இது நேரமும் இல்லை.

வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி இரண்டு இருபது. அம்மா கோட்டும் ஊதாத் தொப்பியும் போட்டு, கைப்பையோடு நடைபாதையிலேயே நின்றிருந்தாள். ராஸ்கோவைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வெர்லீன் இறங்கினாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது, அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று வழியெல்லாம் மனசைத் தயார் செய்திருந்தாள்.

“கேட்டியாம்மா?”

“கேட்டேன்.”

“என்னை மன்னிச்சுடும்மா. வியாழக்கிழமை நான் அவனை...”

“வியாழக்கிழமை எனக்குத் தெரியும்.”

வெர்லீனுக்குப் புரியவில்லை.

“ஆஸ்பத்திரியில அவனே சொன்னான். வெள்ளிக்கிழமை ராத்திரி. ‘அம்மா, நேத்து நல்லாப் பாடினேம்மா, வெர்லீனைத் திட்டாத’ன்னான். திட்டமாட்டேன்னு அவனுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். நீயா வந்து சொல்லுவேன்னு ரெண்டு வருஷம் பார்த்தேன். இன்னிக்குக் காலையிலகூடக் கேட்டேன். ஏப்ரல்னே.”

“அம்மா...”

“அதை விடு. பயத்துல மறைச்சே. நானும் உன் வயசுல மறைச்சிருப்பேன்.” அம்மா கைப்பையை மறு கைக்கு மாற்றினாள். “அவன் சொன்ன அந்தப் பாட்டைக் கேக்கணும்னு எவ்வளவு ஏங்கினேன் தெரியுமாடி? நான் ஒரு நாளும் போய்க் கேக்கல. வாசப்படி மிதிக்கமாட்டேன்னு வீம்பு பண்ணினேன். அவன் போனப்புறம்தான் உங்கிட்ட வந்து வாயைத் திறந்து கேட்டேன், அவன் குரல் எங்கடின்னு. அழிச்சாச்சுன்னே. அதோட வாயை மூடிக்கிட்டேன். என் பையனை ரெண்டாவது தடவை புதைச்சேன்.”

எந்தப் பொய்க்கு இத்தனை நாள் பயந்தாளோ, அது அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. பொய்யாகவே எண்ணாமல் போகிறபோக்கில் சொன்ன மற்றது, அம்மாவின் நெஞ்சில் ஏழு மாதமாகத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

“இன்னும் எத்தனை பாட்டு இருக்கு அந்த ஆள்கிட்ட?”

“பத்தும்மா. குழுப் பேருக்காக அவர்கிட்டயே விட்டுட்டு வந்தேன்.”

“பத்து,” என்றாள் அம்மா, பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி. “நான் தியேட்டருக்கு வரல. பிவென்ஸ்கிட்டப் போறேன். அவன் அம்மாவும் நானும் ஒரே சர்ச்சு. கேட்டுப் பார்க்கறேன்.”

“இரும்மா, நானும் வர்றேன். ராஸ்கோவும் நடீனும் பார்த்துப்பாங்க.”

மூலையில் பஸ் திரும்பியது. அம்மா கையைத் தூக்கி அதை நிறுத்தினாள். ஏறுகிற படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் வெர்லீன் தாங்கியிருப்பாள்.

“நீ எதுக்கு வரணும்? அவனைக் குடுத்துட்டுத்தான அந்தப் பேரை வாங்கினே? போ. அந்தப் பேர்ல போய்ப் பாடு.”

பஸ் கிளம்பியது. பின்னால் ராஸ்கோ காரின் ஹாரனை ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை அடித்தான். திரை தூக்க இன்னும் முப்பது நிமிஷம்கூட இல்லை. வெர்லீன் நடைபாதையில் நின்றபடி பஸ்ஸையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். கால் எந்தப் பக்கமும் எழவில்லை.